ராஜன் மச்சானின் பெட்டியில் வந்த மூன்று படங்கள்

தியேட்டரில் மூன்று நாள்கூட ஓடாத படம் என்றால் எனக்கு உயிர். பார்த்தவர்கள் திட்டியிருக்க வேண்டும், எடுத்தவர் ஊரை விட்டு ஓடியிருக்க வேண்டும், பிறகு இருபது முப்பது வருடம் கழித்து உலகத்தின் நாலு மூலையில் நாலு கிறுக்கர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவன் தக்கலையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளுக்கு வயரிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அது நான்தான்.

இப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பிடித்து, பழைய பிலிமைக் கழுவி, கீறல் நீக்கி, சிறப்புப் பதிப்பாக டிஸ்கில் போட்டு விற்பதற்கென்றே வெளிநாட்டில் சின்னச் சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். யாருமே கேட்காத ஒரு படத்துக்காக, செத்துப்போன கேமராமேனின் மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று விசாரித்துப் போய்ப் பேட்டி எடுத்து வருவார்கள். கெட்டி அட்டையில் வெளிப்பெட்டி, உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் தனி உறை, உறைக்குப் புதிதாக வரைந்த ஓவியம், தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம், படம் ஓட ஓட இயக்குநரே கூடப் பேசிக்கொண்டு வரும் தனி ஒலித்தடம். பெட்டியின் அடியில் ஓர் எண் இருக்கும். மொத்தம் அடித்தது இத்தனை, அதில் இது இத்தனையாவது.

அந்த எண்ணில்தான் நான் விழுந்தேன். சேகரிக்கிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பெட்டியின் மேலும் உள்ளே ஒவ்வொரு உறையின் மேலும் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளைப் பிரிக்கவே கூடாது, பிரித்தால் மதிப்புப் போயிற்று. (புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பத்து வருடம் கழற்றாத வீட்டில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது.) ஆனால் நம்மூரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். அட்டை என்று ஒன்றைக் கண்டால் பூஞ்சை ஓடிவந்து குடியேறிவிடும். அதற்காகச் செருப்புப் பெட்டிக்குள் போடுவார்களே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதைக் கடை கடையாகக் கேட்டு வாங்குவேன். தக்கலையில் என்னைத் தெரியாத செருப்புக்கடைக்காரர் கிடையாது. செருப்பு வாங்கத்தான் போனதில்லை.

இரண்டு வருடம் தவம் கிடந்து ஒரு பெட்டி கிடைத்தது. குளிர்ப் பிரதேசத் தீவு ஒன்றைச் சேர்ந்த இயக்குநர். மூன்றே படம் எடுத்தார், மூன்றும் படுத்தன. மூன்றும் சேர்ந்த பெட்டி நம் பக்கத்தில் வேறு யாரிடமும் கிடையாது. இணையத்தில் எங்கள் ரசிகர் குழு ஒன்று உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் புகைப்படத்தைப் போடுகிறேன் என்று அதில் மார்தட்டி அறிவித்தும் விட்டேன்.

வீட்டுக்கு நேரே வரவழைத்தால் வழியில் நசுங்கிவிடும் என்று பயந்து, வளைகுடாவில் வேலை பார்க்கும் ராஜன் மச்சானின் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். மச்சான் என் அத்தை மகன். லீவில் வருவதாக இருந்தான். “பெட்டியில வச்சுக் கொண்டு வா, பிரிக்காத” என்று போனில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அவனும் பிரிக்காமல்தான் கொண்டுவந்தான். ஆனால் படித்த முட்டாளான நான் ஒன்றை மறந்துபோனேன். எங்கள் ஊரில் கல்ஃப் பெட்டி வந்து இறங்கினால் அது கொண்டுவந்தவனுக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, வீட்டு அம்மா கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறப்பாள். சோப்பு, தைலம், பால்பொடி, பேரீச்சை என்று வந்தவர்களுக்கெல்லாம் எடுத்து நீட்டுவாள். ஒருவர்கூட வெறுங்கையோடு போகக் கூடாது. போனால் அது ஏழு தலைமுறைக்குப் பேச்சு.

மச்சான் வந்தது திங்கட்கிழமை. எங்கள் நிலையத்தில் பரீட்சை நேரம். சனிக்கிழமை காலையில்தான் என்னால் அத்தை வீட்டுக்குப் போக முடிந்தது.

“அத்தை, எனக்க பெட்டி எங்க?”

“ஒனக்குள்ளத தனியா மாத்தி வச்சிருக்கேன் மக்கா” என்று அத்தை ஒரு சோப்பையும் பால்பொடி டப்பாவையும் நீட்டினாள்.

“இது இல்ல அத்தை. சினிமா டிஸ்க்கு. கறுப்பு அட்டைப் பெட்டி.”

“அதா? அதைப் பிரிச்சுக் குடுத்தாச்சே!”

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அத்தைக்கு என் முகம் பிடிக்கவில்லை.

“வந்த ஆளுவள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? தைலம் தீந்து போச்சு. பாத்தா, ஒரு பெட்டிக்குள்ள மூணு எண்ணம் தனித்தனியா கவரு போட்டு அழகா இருந்துது. குடுக்கதுக்கு வாங்குனதுன்னுதான நெனைப்பேன்? ஒருத்தன் பாக்கதுக்கு மூணு எண்ணம் என்னத்துக்கு?”

யோசித்துப் பார்த்தால் அவள் வாதத்தில் ஓட்டையே இல்லை. இவ்வளவு நடக்கும்போது மச்சான் எங்கே என்றால், பயணக் களைப்பில் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தானாம். எண்ணிட்ட வெளிப்பெட்டி பத்திரமாக இருந்தது. நல்ல கெட்டி அட்டை என்று மாமாவின் பிரஷர் மாத்திரைகளை அதில் போட்டு வைத்திருந்தாள். புத்தகம் டிவிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. படங்கள் போன மூன்று திசையையும் கேட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்றும் ஒன்று சேர வேண்டும். சேராவிட்டால் உலகத்தின் நாலு மூலையிலும் என் மானம் போய்விடும்.

முதலில் ஆரல்வாய்மொழி. அங்கே தங்கப்பன் மாமா, அத்தையின் கொழுந்தன், காற்றாலைகளுக்குக் கீழே கொஞ்சம் பயறு போட்டிருக்கிறார். ஊருக்குள் நுழையும்போதே வயலில் ஒன்று பளிச்பளிச் என்று மின்னியது. கிட்டே போனேன். நடுவயலில் ஒரு கம்பு, கம்பில் கயிறு, கயிற்றில் என் முதல் படம். அந்த ஊர்க் காற்றுக்கு அது சுற்றிய சுற்றை வேறெந்த எந்திரத்திலும் சுற்றியிருக்காது.

“மக்கா, ராஜன்ட்ட சொல்லு, சாமான் கொள்ளாம், அருமை” என்றார் மாமா. “முன்னால நம்மூரு சிடியக் கெட்டிப் பாத்தேன். கிளி அதுல வந்து மொகம் பாத்துட்டுப் போகுது. இது கெட்டுன அன்னைக்குப் பொறவு ஒண்ணும் அண்டல்ல. ஃபாரின் ஃபாரின்தான்.”

அவர் வயலுக்குக் காவலை எடுத்துக்கொண்டு போகிறேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் அவிழ்த்து எடுத்தேன். டிஸ்கின் மேலெல்லாம் மணல் கீறல். உறையைக் கேட்டேன். வெற்றிலை வைத்துக்கொள்ளத் தோதாக இருந்ததாகச் சொல்லி, இருந்த வெற்றிலையையும் சேர்த்தே கொடுத்தார்.

அங்கிருந்து மேற்கே மார்த்தாண்டம். மச்சானோடு படித்த வில்சனுக்கு அங்கே ஹைவே ஓரத்தில் பேக்கரி. கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தாடி வைத்த பெரியவர் ஒருவரின் படம் மாட்டியிருந்தது. சுற்றிலும் சீரியல் பல்பு. எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று உற்றுப் பார்த்தேன். என் இரண்டாவது படத்தின் உறை ஓவியம்.

“இது ஆரு வில்சன்?”

“தெரியாதுண்ணே. ஆனா மொகத்துல ஒரு கருணை உண்டு, பாத்தியளா? இத மாட்டுன அன்னையிலேருந்து கடையில நல்ல வியாபாரம்.”

கதைச் சுருக்கத்தில் நான் படித்தவரை, கருணை பொங்கும் அந்தப் பெரியவர் படத்தின் முதல் பாதிக்குள் பதினோரு பேரைச் சமைத்துச் சாப்பிடுபவர். அதைச் சாப்பாட்டுக் கடையில் வைத்து எப்படிச் சொல்வது? வில்சன் பெரிய மனது பண்ணி டிஸ்கைக் கொடுத்தான். ஓவியம் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். வழிக்கு என்று ஒரு பிளம் கேக்கும் கொடுத்தான்.

மூன்றாவது படத்தைத் தேடிக் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போனபோது சாயங்காலம் நாலு மணி. மச்சானோடு வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருக்கிறவரின் வீடு. அவர் தன் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்ட பொட்டலத்தை வாங்க அவர் மனைவி ஸ்டெல்லா வந்தபோது, பொட்டலத்தோடு இதையும் அத்தை கொடுத்திருக்கிறாள். ஸ்டெல்லா மீன்வலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்றே கேட்டார்.

அத்தையிடமும் மாமாவிடமும் வில்சனிடமும் தோற்ற ஆத்திரம் எல்லாம் சேர்ந்துகொண்டது. கிழங்கைத் தின்றுகொண்டே அந்தப் படத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். இயக்குநரின் மேதைமை, தனிமை, ஒளி, நிழல் என்று கால் மணி நேரம். இப்பேர்ப்பட்ட கலைப்பொருள் அதன் அருமை தெரிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று முடித்தேன். (என் வாயில் அப்போது மீன் முள் சிக்கியிருக்கக் கூடாதா!)

ஸ்டெல்லா பொறுமையாகக் கேட்டார். “ஆமாண்ணே, நல்ல படம். பாஷை வெளங்கல்லன்னாலும் நான் நாலு வாட்டி பாத்தாச்சு.”

“பாத்தியளா? எதுல போட்டு?”

“பிள்ளையளுக்கு டிவியில வெளையாட எங்க வீட்டுக்காரரு கொண்டுவந்த கேம் பெட்டி இருக்குல்லா, அதுல ஓடுது.”

“அந்தக் கண்ணாடித்தாளு?”

“மீன் வெட்டுத கத்தியால கீறுனேன்.” பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இவ்வளவு வெவரம் தெரிஞ்ச ஆளு நீங்க. கடைசியில வள்ளமெல்லாம் தலையைக் கரைப்பக்கமா வச்சுக் கெடக்குல்லா, அது எதுக்குண்ணே?”

நான் கிழங்கைப் பார்த்தேன். மீனைப் பார்த்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். படகு ஏன் கரையைப் பார்க்கிறது என்று காலண்டரிலா போட்டிருக்கும்?

“நீங்க படம் பாத்திட்டியளா?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. “இல்ல” என்றேன். “இது மட்டுமில்ல. எனக்கிட்ட இருக்கதுல முக்காவாசியும் பாக்கல்ல. பிரிச்சா மதிப்புப் போயிரும்.”

ஸ்டெல்லாவின் மகள் கதவுக்குப் பின்னால் நின்று களுக்கென்று சிரித்துவிட்டு ஓடினாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. இரக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அவர் சிரித்தே தொலைத்திருக்கலாம். எழுந்து போய்ப் படத்தைப் போட்டார்.

ஒரு கடற்கரை ஊர். ஒரு நாள் காலையில் கடல் உள்வாங்கிப் போகிறது, திரும்பி வரவில்லை. ஊர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். காசில்லாமல் எடுத்த படம் என்று பார்த்தாலே தெரிகிறது. ஓரிடத்தில் திமிங்கலம் என்று அவர்கள் காட்டியது தார்ப்பாய்தான். ஆனால் வெறும் மணலாகக் கிடந்த அந்தக் கடலைக் காட்டியபோது கிழங்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். “சுனாமிக்குப் பொறவு, கடலு உள்வாங்குனா என்னன்னு எங்க ஊருல ஆருக்கும் படிச்சுக் குடுக்க வேண்டாம்” என்றார் ஸ்டெல்லா. “இந்த ஆளு அதைச் செரியாட்டு எடுத்திருக்காரு.”

கடைசிக் காட்சியில் ஊரே கரையில் நின்று சிரிக்கிறது. கடல் திரும்பி வருகிறதா, இல்லை எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று எங்கள் குழுவில் வருடக்கணக்காக அடிதடி. ஸ்டெல்லா திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

“வள்ளத்தைக் கரையில ஏத்துனா, மறுநாள் எறக்கதுக்குத் தலையைக் கடலைப் பாத்துத்தான் திருப்பி வைப்போம். படத்துல மொதல்ல அப்பிடித்தான் கெடந்துது. இப்ப வீட்டைப் பாத்துக் கெடக்கு. இவங்களா திருப்பி வச்சிருக்காங்க. இனி கடலு வராதுன்னு தெரிஞ்சிட்டு. இனி பயப்படாண்டாம். அதான் சிரிக்காங்க. எனக்கு அப்பிடித்தான் தோணுது. செரியாண்ணே?”

இயக்குநர் பேசிக்கொண்டு வரும் தடத்துக்கு மாற்றி, அந்தக் காட்சியை மறுபடி போட்டேன். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். கிழவரின் குரல் தளர்ந்திருந்தது. இந்தப் படகுகளைத் திருப்பி வைக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று, தயாரிப்பாளர் கத்தினார், படம் வந்து இத்தனை வருடத்தில் அதைப் பற்றி என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை என்றார்.

“பாவம்” என்றார் ஸ்டெல்லா. கண் கலங்கியிருந்தது. “நான் கேட்டாச்சுன்னு அவருட்ட ஆரு போய்ச் சொல்லுவா?”

அந்த டிஸ்கை நான் எடுத்து வரவில்லை. எப்படி எடுப்பது? ஞாயிற்றுக்கிழமை குழுவில் பெட்டியின் புகைப்படத்தையும் போடவில்லை. வள்ளத்தின் தலையைப் பற்றி ஸ்டெல்லா சொன்னதை மட்டும் எழுதிப் போட்டேன். குழு கொந்தளித்துவிட்டது. இன்றுவரை எந்தப் படத்தைப் பற்றிச் சண்டை வந்தாலும், உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவன் “ஸ்டெல்லா என்ன சொல்கிறார்?” என்றுதான் கேட்கிறான். என்னை யாரும் கேட்பதில்லை.

நடந்ததை ஸ்டெல்லாவின் கணவர் வழியாகக் கேள்விப்பட்ட மச்சான் வீட்டில் போட்டு உடைத்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் யாராவது உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி அதில் துணி காயப்போட்டாலும் சரி, கல்யாணத்துக்கு வந்த மிக்சியைப் பெட்டியோடு பரணில் ஏற்றினாலும் சரி, அத்தை உடனே ஆரம்பித்துவிடுவாள். “அட்டைய நம்ம பய பாத்துக்கிடுவான், படத்தை ஸ்டெல்லா பாப்பா!” சின்னப் பிள்ளைகள்கூட இதைச் சொல்லிச் சிரிக்கின்றன. அத்தோடு இன்னொன்றும் நடந்தது. மச்சான் கொண்டுவரும் என் பெட்டிகளை அத்தை இப்போது நேரே ஸ்டெல்லாவுக்குத்தான் கொடுத்துவிடுகிறாள். மீன் கத்தியால் கீறி, பார்த்து முடித்து, போனில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவை எனக்கு வந்து சேரும். போன மாதம் என் சம்பளத்தில் பாதியை முழுங்கிய ஒரு பெட்டி அப்படிப் போயிற்று. எண்ணிட்டது, தங்க எழுத்து, இனி உலகத்தில் எங்கும் கிடைக்காது. நாலு நாள் கழித்து ஸ்டெல்லா கூப்பிட்டார்.

“அண்ணே, எனக்க மேல கோவப்படாதீங்க. கஷ்டப்பட்டு முழுசும் பாத்தேன். இத மட்டும் நாம பிரிக்காமலே வச்சிருந்திருக்கலாம்.”