சமையலறையில் டிக்கெட் கவுண்டர்

"வீடு நல்லாத்தான் சார் இருக்கு. இந்த ஏரியாவுக்குப் போக்குவரத்து எப்படி?" என்று கேட்டார் வீடு வாங்க வந்தவர்.

இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர், முகத்தை எவ்வளவு தொங்கப்போட முடியுமோ அவ்வளவு தொங்கப்போட்டுக்கொண்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! பஸ் ஒண்ணே ஒண்ணு. அதுவும் டிரைவருக்கு மனசு வந்தாத்தான் வரும். டவுனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடும்."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலைந்து திரிந்து இந்த ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தவரே அவர்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்றதும் ரயில்வே உத்தியோகஸ்தர் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் வேலை பார்த்து ஓய்வு பெற்றது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். அவருடைய தெருவுக்கும் ஆகப் பக்கத்திலிருந்த சுரங்க ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு ஆறு, ஒரு சந்தை, ஒரு சிமெண்டுத் தொழிற்சாலை எல்லாம் கிடந்தன. ஆனாலும் தெருவில் நண்டு சிண்டுகள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டன. "நம்ம தெருவுக்கு ஸ்டேஷன் வருது" என்று முப்பது வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

சும்மா சொல்லவில்லை. அவருக்குக் கல்யாணமான புதிதில், சுரங்க ரயில் நிலையங்களில் மாட்டியிருந்த வரைபடத்தில் நீலக் கோடு கடைசி நிலையத்தோடு நிற்காமல், அதற்கப்புறமும் புள்ளி புள்ளியாக நீண்டு இந்தப் பக்கம் வந்தது. புள்ளி என்றால் இனிமேல் கட்டப்போவது என்று அர்த்தம். அந்தப் புள்ளிகளை நம்பித்தான் அவர் இங்கே மனை வாங்கினார். டவுனை விட்டு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த மனைவியை வரைபடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கடைசிப் புள்ளியில் விரலை வைத்து, "இதான் நம்ம வீடு. ரெண்டே வருஷம். நம்ம ஸ்டேஷன்லேர்ந்து உன்னை ரயில்ல கூட்டிட்டுப் போறேன், பாரு" என்றார்.

அடுத்த ஆட்சியில் புள்ளிகள் காணாமல் போயின. அப்புறம் பச்சை நிறத்தில் திரும்பி வந்தன. ஒருமுறை பாதிப் புள்ளிகள்தான் இருந்தன. துடித்துப்போய் விசாரித்தால், மிச்சத்தைப் பற்பசை விளம்பரம் மறைத்திருந்தது.

இப்போது திட்டத்தை மறுபடியும் தூசு தட்டுகிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. இந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனைவி, வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிடலாம் என்று ஆரம்பித்தாள்.

"அந்த ரயிலை மறந்துடுங்களேன். காலைல எழுந்ததும் பேப்பரைப் பிரிச்சு அதையே தேடிக்கிட்டு... எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு" என்றாள்.

அவரால் எப்படி மறக்க முடியும்? ரயில் வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டால், கட்டினவளுக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். வீடு அப்புறம் போனால் போகட்டும். ஒரே ஒரு தடவை அவளோடு இந்தத் தெருவிலிருந்து ரயிலேறிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தவரை விரட்டப் பார்த்தார்.

வந்தவர் மிரண்டால்தானே!

"பஸ் சரியா வராதா?" என்று கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்தது. "அடடா! சார், நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். இப்படி ஒரு இடத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். பஸ் இல்லைன்னா அத்தனை பேரும் கார் கத்துக்கிட்டுத்தானே ஆகணும்?"

மாப்பிள்ளைக்குப் போன உயிர் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அவசரமாகத் திசையை மாற்றினார்.

"சுரங்க ரயில் வரப்போகுதே, பேப்பர்ல பாக்கலையா? அது வந்துட்டா கார் எவன் கத்துக்குவான்?"

"ரயில் வருதா? எப்போ?"

"ரெண்டே வருஷத்துல." வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

"ஆகா! ரெண்டு வருஷம் ஸ்கூல் நடத்தறேன். ரயில் வந்ததும் வீட்டை நல்ல விலைக்குத் தள்ளிடறேன். அட்வான்ஸை இன்னிக்கே குடுத்துடவா?"

மாப்பிள்ளை பேனாவைத் தேடினார். ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"குடுக்கலாம்... ஆனா ஒரு சின்ன விஷயம். ஸ்டேஷனே இங்கதான் வருது."

"இங்கன்னா?"

"இந்த வீட்டுலதான். நீங்க நிக்கறீங்க பாருங்க, அது நகரும் படிக்கட்டு. அந்தச் சமையலறையில டிக்கெட் கவுண்டர். என்னிக்கு வேணா அரசாங்கம் வந்து எடுத்துக்கும்."

டிரைவிங் ஸ்கூல்காரர் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். இரண்டடி நகர்ந்து நின்றார். அப்புறம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

"என்ன மாமா இது!" என்றார் மாப்பிள்ளை.

"உண்மையைச் சொன்னேன் மாப்பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு?"

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மதிற்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுத் தையற்கடைக்காரரின் தலை மெதுவாக எழுந்தது.

"உங்க சமையலறையில டிக்கெட் கவுண்டர்னா, எங்க வீட்டுல என்ன வருது?"

மாப்பிள்ளை இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பொய் என்று சொல்ல வழியில்லை.

"உங்களுக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல. ஓரமா கொஞ்சம் பிளாட்பாரம்."

"எவ்வளவு ஓரம்?"

"உங்க பீரோ வரைக்கும்."

தையற்கடைக்காரர் மூலமாக விஷயம் தெரு முழுக்கப் பரவியது. சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசலில் கூட்டம். ஒவ்வொருவருக்கும் தன் வீட்டில் ஸ்டேஷனின் எந்தப் பாகம் வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். மாப்பிள்ளையோ ஊருக்குத் திரும்பாமல் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதர், வேறு வழியில்லாமல் தெருவைப் பங்குபோட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரருக்குக் காற்றுப்போக்கி. கோடி வீட்டு ரிடயர்டு தலைமையாசிரியருக்கு என்ன தருவது என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"உங்க வீட்டுல... கழிப்பறை சார்."

"என்னது?" தலைமையாசிரியர் குரலில் ஒரு பள்ளிக்கூடமே அடங்கிப்போகும். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக்குடுத்தவன் நான்! என் வீட்டுலயா வந்து ஊரே போகணும்?"

"சரி சார், கோச்சுக்காதீங்க. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு மாத்திடலாம்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கிற வீடு சார் அது! மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு என்ன அடையாளம் சொல்லுவேன்?" என்று பாய்ந்தார் மருந்துக்கடைக்காரர்.

தையற்கடைக்காரர் வீட்டுக்கு மாற்றினால், "எனக்கு பிளாட்பாரம்னு காலைல சொன்னீங்க, சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டேன்" என்று அவர் சட்டையைப் பிடிக்காத குறை. கட்டாத ஸ்டேஷனின் கட்டாத கழிப்பறை இருட்டுவதற்குள் நாலு வீடு மாறியது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சண்டையை மூட்டிவிட்டுப் போயிற்று.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா? போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை கிளம்பட்டும். காலைல சொல்லிடறேன்."

காலையில் தெருமுனையில் ஒரு துணி பேனர் தொங்கியது. தையற்கடைக்காரரின் கைவேலை. "எங்கள் தெருவில் ரயில் வேண்டவே வேண்டாம்! இப்படிக்கு, எதிர்ப்புக் குழு. தலைவர்: ஸ்டேஷன் மாஸ்டர்."

அவரைக் கேட்காமலேயே தலைவராக்கிவிட்டார்கள். ரயிலைப் பற்றி அவரைவிட விவரம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று நியாயம் வேறு. ரயில்வே அலுவலகத்துக்கும் போன் போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிகாரி நேரில் வருகிறார் என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பழைய பஸ் பயணங்களாகவே நினைவுக்கு வந்தன. மனைவி டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தாள். கண்ணாடிக் கடையும் டெலிபோன் ஆபீஸும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. காலையில் சேர்ந்து போவார்கள், சாயங்காலம் சேர்ந்து வருவார்கள். ஜன்னலோரம் அவளுக்கு. அவள் ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை அவர் கையில் வைத்துவிட்டு, அன்றைக்கு யாருக்கு யாரோடு தப்பாக லைன் கொடுத்தாள் என்று கதை கதையாகச் சொல்லிச் சிரிப்பாள். அவர் வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "இதோ, இந்த இடத்துக்குக் கீழதான் அடுத்த ஸ்டேஷன். கண்ணை மூடிக்கோ. இப்ப நாம பூமிக்கு அடியில போறோம்" என்பார். அவளும் கண்ணை மூடி அவர் தோளில் சாய்ந்துகொள்வாள். சிமெண்டுத் தொழிற்சாலைப் பக்கம் லாரிகள் மறித்து பஸ் நின்றுவிட்டால் இவர் தவிப்பார். "ரயில் வந்திருந்தா இருபதே நிமிஷம். என்னை மன்னிச்சுடு" என்பார். ஒரு நாளா, இரண்டு நாளா! பாவம், எத்தனை வருஷம் இடிபட்டாள் என்று நினைத்து நினைத்து மருகினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முற்றத்திலேயே நாற்காலிகள் போட்டார்கள். வந்த அதிகாரி தலை நரைத்தவர், சாதுவாக இருந்தார். அவர் தெருவில் வரும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்த மனைவி உள்ளே போனவள்தான், வெளியே தலைகாட்டவில்லை. தன்மேல் கோபம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

"இந்த நீட்டிப்புக்காக நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அலையறேன்" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "மூணு தடவை கணக்கெடுத்தோம். மூணு தடவையும் இந்தத் தெருப் பக்கம் ரயில்ல ஏற ஆளே இல்லைன்னு ஆயிடுச்சு. அதனாலதான் கட்டலை."

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஆளே இல்லையா? என்னை ஒருத்தரும் கேக்கலையே!"

"பகல்ல வீடு வீடா வந்து கேட்டோமே. நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க. போனது போகட்டும், இது கடைசி தடவை. நீங்க வேண்டாம்னா கோடு வேற பக்கம் திரும்பிடும். அப்புறம் எந்தக் காலத்துலயும் வராது. குழுத் தலைவர் யாரு? வேணுமா, வேண்டாமான்னு அவர் சொல்லட்டும்."

"சொல்லுங்க ஸ்டேஷன் மாஸ்டர், வேண்டாம்னு!" தையற்கடைக்காரர் விலாவில் இடித்தார்.

வேண்டாம் என்றால் தெருவில் மானம் மிஞ்சும். ரயில் போய்விடும். ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"டிக்கெட் கவுண்டர் கிடையாது. பிளாட்பாரம் கிடையாது. எல்லாம் வீட்டை விக்கக்கூடாதுன்னு நான் அடிச்சு விட்ட புளுகு."



"அப்போ அந்தக் கழிப்பறை யார் வீட்டுல?" என்றார் தலைமையாசிரியர்.

"யார் வீட்டுலயும் இல்ல சார்!"

"அது போதும்" என்று அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் எழுந்து கத்துவதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் அதிகாரியின் பக்கம் திரும்பிவிட்டார்.

"எனக்கு ரயில் வேணும் சார். என் சம்சாரம் டவுன் நடுவுல பொறந்து வளர்ந்தவ. ரயில் வரும், ரயில் வரும்னு சொல்லி இங்க கூட்டிட்டு வந்தேன். வீடு நிறைய என் அம்மா, தம்பிங்க, தங்கச்சின்னு ஜனம். அத்தனை பேருக்கும் செஞ்சு வெச்சுட்டு, ஓடி வந்து பஸ்ல இடிபடுவா. ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டினதில்ல சார். அவ அந்த ரயிலுக்காக எப்படிக் காத்திருந்திருப்பான்னு எனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அவளை அதுல உட்கார வெச்சுப் பாத்துடணும்." அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கத்த வாயெடுத்த தையற்கடைக்காரரும் மூக்கைச் சிந்தினார்.

வாசற்படியில் டீத் தட்டோடு மனைவி நின்றாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் முகமும் நனைந்திருந்தது.

"போதும், விடுங்க. எல்லார் முன்னாலயும் என்ன இது" என்று தலையைக் குனிந்தபடியே தட்டை நீட்டினாள்.

அதிகாரி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். பையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டு அவளை இன்னொரு தடவை பார்த்தார்.

"சார், மூணு தடவையும் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வீடு வீடா எங்களோடயே வந்து, 'நானும் எங்க வீட்டுக்காரரும் தனியா உட்கார்ந்து பேசறது அந்த பஸ்ல மட்டும்தான், இருபது நிமிஷத்துல எங்களை இறக்கி விட்டுடாதீங்க'ன்னு கெஞ்சி, எல்லாரையும் ரயில் வேண்டாம்னு சொல்ல வெச்சதே இந்தம்மாதானே!"