நியூட்ரலும் என் முதுகுவலியும்

பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவழித்துக் காரோட்டியவர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். பெட்ரோலே இல்லாமல் காரோட்டிவிட முடியும் என்று மனப்பூர்வமாக நம்பியவர் நியூட்ரல் ஒருவர்தான். அந்த நம்பிக்கையை நிரூபிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் புத்தூர் - திருப்பதி சாலை. பக்கத்து சீட்டில் உட்கார அவர் தேர்ந்தெடுத்த ஆள், என் போதாத காலம், நான்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர அது யாருக்கும் ஞாபகமில்லை. கண்ணில் ஒரு சரிவு தென்பட்டால் போதும், எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வண்டி தன் போக்கில் உருண்டு எங்கே நிற்கிறதோ, அங்கேதான் மறுபடி சாவி திரும்பும். சரிவு என்றால் நமக்கெல்லாம் பாலத்து இறக்கம் தெரியும். அவருக்கு, தட்டையான ரோட்டிலேயே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும்.

பெட்ரோல் விலை மூன்று இலக்கத்துக்குப் போன காலம் அது. திருப்பதியில் எங்கள் ஆபீசில் அப்போது ஒரு விநோதமான நோய் பரவியது. ஒவ்வொருவராக வண்டியை விட்டார்கள். ஆனால் ஒருவர்கூட பெட்ரோல் விலையால் விடவில்லை. பக்கத்து மேஜை பத்மஜா மேடம் ஸ்கூட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார், பாசமாம். மேனேஜர் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். நாலு ஜனங்களைப் பார்க்கலாமாம். நான் முதுகுவலி என்று சொன்னேன். பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று மருந்துக் கடையில் இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். சித்திரை வெயிலில் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இல்லாத வியாதியெல்லாம் வரும்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில், சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதக் கையோடு எழுந்து நின்று உண்மையைச் சொன்னவர் நியூட்ரல்.

“பெட்ரோல் போட்டு மாளலபா! நம்ம சம்பளத்துக்கு ஆவற காரியமா இது? புத்தூர் சைடுலர்ந்து வர்றவங்க யாரு? என் கார்ல வந்து குந்துங்க. ஆளுக்கு ஒரு பங்கு போடுங்க. கார் என் மாமனார் குடுத்தது. பெட்ரோலும் குடுன்னேன், மாட்டேன்னுட்டாரு மனுஷன்.”

மொத்த ஆபீசும் டிபன் பாக்சுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. ஒரு சீனியர் கிளார்க் இப்படியா பேசுவார்? அவர் சொன்னது எங்கள் எல்லோருடைய கதை என்பதுதான் பிரச்சினை. மறுநாள் காலை நானும் பத்மஜா மேடமும் அவர் காரில் இருந்தோம்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது கார் அல்ல, ஆசிரமம் என்று. ஏசி கிடையாது. கண்ணாடியை முழுக்க இறக்கினால் காற்று வண்டியைப் பின்னால் இழுக்குமாம், அதனால் பாதிதான். பத்மஜா மேடம் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, “அண்ணைய்யா, கொஞ்செம் ஏசி வெய்யண்டி” என்று ஒரு நாள் கெஞ்சினார். “வைக்கலாம்மா. வடமாலப்பேட்டயில எறங்கி பஸ் புடிப்பீங்களா?” என்றார் அவர். மேடு ஏறும்போது பேசக் கூடாது. வண்டி கஷ்டப்படும்போது ஊர்க்கதை என்ன வேண்டிக் கிடக்கிறது? பிரேக் போடுவது மகாபாவம். “பிரேக் போடறதும் பெட்ரோல தரையில கொட்றதும் ஒண்ணு நைனா” என்பார். குறுக்கே மாடு வந்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “நவுரும்மா, மகாலட்சுமி, நவுரு!” என்று கத்துவார். அணைத்த எஞ்சினோடு சத்தமே இல்லாமல் உருண்டு வரும் கார் திடீரென்று பேசினால் எந்த மகாலட்சுமிதான் நிற்கும்? தெறித்து ஓடும்.

என் தொப்பையும் அவர் கண்ணிலிருந்து தப்பவில்லை. “நேத்து கல்யாணத்துல நல்லா துன்னியா? வண்டி இழுக்க மாட்டேங்குது பாரு” என்பார், சிக்னலில், பக்கத்து பைக்கில் இருக்கிறவன் திரும்பிப் பார்க்கும்படி.

இதில் பக்தி வேறு. எங்கள் ஆந்திரப் பக்கத்து பங்க்கைவிட எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இது தெரிந்த அன்றைக்கு நியூட்ரலுக்குத் திருத்தணி முருகன் மேல் அளவில்லாத பக்தி உண்டாயிற்று. டேங்க் காலியாகும்போதெல்லாம் அவருக்குக் கிருத்திகை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு நகரி வழியாகப் போவார். போகவும் வரவும் எரிகிற பெட்ரோலுக்கு மிச்சமாகிற காசு சரியாகப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஆனாலும் சொல்லவில்லை. ஒருவருடைய பக்தியைக் கணக்குப் பார்ப்பது பாவம். முதல் தடவை போனபோது, “மலைக்கு மேல போலாமாண்ணா?” என்று கேட்டேன். “மேட்டுல வண்டிய ஏத்திக்கினு போனா வந்த காரியம் கெட்டுடும்” என்று சொல்லிவிட்டு, பங்க்கிலேயே செருப்பைக் கழற்றி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெட்ரோல் போடுகிற பெண்ணும் மரியாதைக்குக் கும்பிட்டது.

இவ்வளவையும் நான் சகித்துக்கொண்டேன். என் மானம் போனது வேறு ஒரு நாள்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், நகரியில் ஜவுளி வியாபாரி. பெரிய வெள்ளைக் காரும் அதற்கு ஒரு டிரைவரும் வைத்திருக்கிறார். என் முதுகுவலியை என் மனைவிதான் பிறந்த வீட்டில் பிரசாரம் செய்திருந்தாள். பைக் ஏன் வீட்டிலேயே நிற்கிறது என்று கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. புத்தூரில் முதுகுவலியாகக் கிளம்பியது நகரி போய்ச் சேரும்போது டிஸ்க் விலகல் ஆகிவிட்டது. “ஆபரேஷன்கூட வேணுமாமே?” என்று மச்சான் போனில் குரல் தழுதழுக்கக் கேட்டார். மூலிகை எண்ணெய் ஒரு கேன் அனுப்பி வைத்தார்.

அந்த மச்சான் மகளுக்குத் திருப்பதியில் நிச்சயதார்த்தம். மனைவி முதல் நாளே போய்விட்டாள். நான் ஆபீசிலிருந்து மத்தியானம் நேரே போவதாக ஏற்பாடு. பட்டுச் சட்டை, ஜரிகை வேட்டி, உள்ளே பெல்ட். “நானும் அர நாள் லீவுதான். மண்டபம் நம்ம வழிதான், வா” என்றார் நியூட்ரல். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது.

“அண்ணா, அந்தத் திருப்பத்துலயே நிறுத்துங்க. நான் நடந்து போய்க்கறேன்.”

“இன்னா நைனா பேசற? எவ்ளோ ஸ்பீடு கீது பாரு. இத நிறுத்தினா எனக்கு மனசு ஆறாது.”

கார் திருப்பத்தைத் தாண்டியது. டீக்கடையைத் தாண்டியது. மண்டபத்து வாழைமரங்கள் எங்களை நோக்கி வந்தன. நாதஸ்வரம், பன்னீர் தெளிக்கும் பெண்கள், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வாசலில் கைகூப்பி நிற்கும் என் மச்சான். கார் மெல்ல மெல்ல, ஒரு பூனைபோல உள்ளே போய், சரியாக இரண்டு வாழைமரங்களுக்கு நடுவில் நின்றது. நியூட்ரல் சாவியைத் திருப்பினார். கர்ரென்று இருமியது. மறுபடி திருப்பினார். இருமல்கூட இல்லை. பின்னால் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து ஹார்ன் அடித்தது.

“எறங்கித் தள்ளு நைனா” என்றார்.

இறங்கினேன். மச்சான் என்னைப் பார்த்துவிட்டார். வேனில் இருந்தவர்களும் பார்த்தார்கள். வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளைக் கொடுத்து, ஒரே மூச்சாகத் தள்ளினேன். மனுஷனுக்கு வெட்கம் வந்தால் எவ்வளவு பலம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கார் ஓரமாகப் போய் நின்றது. பெல்ட் கொக்கி தெறித்து, சட்டைக்குக் கீழே வால் மாதிரி தொங்கியது.

மச்சான் பதறிக்கொண்டு ஓடி வந்தார். “மாப்ள! முதுகு! முதுகு!”

“முதுகுக்கு இன்னா சார்?” என்று நியூட்ரல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “இவரு முதுகு கருங்கல்லு சார். பெட்ரோல் போட வழியில்லாம என் கார்ல வந்துக்கினு கீறாரு. நானும் அப்டித்தான். இதுல இன்னா சார் கீது?”

நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். அதனால் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த என் மனைவி மெல்லத் திரும்பி உள்ளே போய்விட்டாள். பந்தியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. எனக்கு மட்டும் இரண்டு ஜாங்கிரி வைத்தார்கள், இரக்கத்தால்.

வீட்டில், “எண்ணெக் கேனத் திருப்பி அனுப்பிடவா?” என்று மட்டும் கேட்டாள் மனைவி.

மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். நியூட்ரல் ஆபீசில் எதிரே வந்தால் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒரு வாரம் போயிருக்கும். காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹார்ன் சத்தம். எட்டிப் பார்த்தால் அவர் கார். எங்கள் தெரு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏற்றத்தில் இருக்கிறது. அதுவரை ஒரு நாளும் அவர் உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு வந்திருந்தார். எஞ்சினையும் அணைக்கவில்லை.

“கோவமா நைனா?”

“எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டீங்களேண்ணா. உங்களுக்கு வெக்கமே கெடையாதா?”

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

“எனக்கு வெக்கம் இல்லன்னு எவன் சொன்னான்? என் பையன் காலேஜுக்கு பைக் கேக்கறான். வாங்கிக் குடுத்துடலாம், ஓட்ட பெட்ரோல் எங்க போவேன்? அவன் பஸ்ஸுல தொங்கிக்கினு போறத பாத்தா எனக்கு ராத்திரி சோறு எறங்கல. அதான் நானே முன்னாடி சத்தமா சொல்லிடறது. நானே சத்தமா சொல்லிட்டா, அடுத்தவன் ரகசியமா பேசிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது பாரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா உன்னோட வெக்கத்த நான் சொல்லியிருக்கக் கூடாது. அது தப்புதான். ஏறு” என்றார்.

ஏறினேன். பத்மஜா மேடம் பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, “ஸ்கூட்டி மா செல்லி தக்கர லேது” என்றார் மெதுவாக. தங்கையிடம் ஸ்கூட்டி இல்லையாம். அவர் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே கோணி போர்த்தி நிற்கிறதாம். ஆபீசுக்காகக் கொக்கியைத் தைத்து மறுபடி கட்டியிருந்த பெல்ட்டை நான் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முதல் முறையாக மேடு ஏறும்போதும் மூன்று பேரும் பேசிக்கொண்டே போனோம்.

இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு கிருத்திகையில் திருத்தணி பங்க்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார். எங்கோ பார்த்த நம்பர். டிரைவர் சீட் கதவு திறந்து, பெட்ரோல் மூடியைத் திறக்க இறங்கியவர் என் மச்சான். டிரைவரைக் காணோம். திரும்பியவர் எங்களைப் பார்த்தார். கையில் மூடியோடு அப்படியே நின்றுவிட்டார். நகரியிலிருந்து இங்கே பெட்ரோல் போட வந்தாரா, சாமி கும்பிட வந்தாரா? முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் ஆபீசில் எல்லோர் முகத்திலும் நான் பார்த்த அதே களை.

நியூட்ரல் வாயைத் திறக்கப் போகிறார். ஜன்னல் வேறு திறந்திருக்கிறது. பழிக்குப் பழி வாங்க அற்புதமான சந்தர்ப்பம் என்று என் மனத்தில் ஒரு குட்டிச்சாத்தான் குதித்ததையும் மறைக்க விரும்பவில்லை.

நியூட்ரல் அவரைப் பார்த்தார். உடனே மறுபக்கம் திரும்பி, மலையைப் பார்த்து, “முருகா!” என்று கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைக் கார் பெட்ரோல் போட்டுக்கொண்டு வேகமாகக் கிளம்பிப் போகும்வரை அந்தக் கண் திறக்கவில்லை. என் முதுகில் ஒரு குத்து வைத்து என்னையும் கும்பிட வைத்தார்.

“ஏண்ணா, ஒண்ணும் சொல்லாம விட்டுட்டீங்க?”

“அவருக்கு இன்னும் பழகல நைனா. மொதல்ல எல்லாருக்கும் நெஞ்சு வலிக்கும். நாம கண்ண மூடிக்கினா அவரு நிம்மதியா போவாரு” என்றார்.

போன வருஷம் என்னைச் சித்தூர் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே வீட்டிலிருந்து ஆபீஸ் கூப்பிடு தூரம், நடந்தே போய்விடலாம். யாருக்கும் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போது, யாராவது ஒருவர் வந்து நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கினால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது.