யாயெகோவை லாரியில் ஏற்றாதே

மச்சான் நாகாதொமோவுக்கு,

மழை விட்டு வெயில் ஏறும் இந்நாளில் நீயும் பிள்ளைகளும் தொழுவத்து மாடுகளும் சுகமென்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது. நாளைக் காலை வரும் இறைச்சிச் சந்தை லாரியில் நம் கிழட்டுப் பசு யாயெகோவை ஏற்றாதே! போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்த ஃபேக்ஸ்.

ஏற்றச் சொன்னவன் நான்தான். புது வளர்ப்புத் திரவத்தில் வைத்த நாற்பது கருமுட்டைகளில் இருபத்திரண்டு ஏழாம் நாள் நல்ல கருவாகிவிட்டன, பழைய திரவத்தில் நாற்பதுக்கு ஒன்பதுதான். இனி எந்த மாட்டு முட்டையும் போதும், பதினாலு வயதுக் கிழவி எதற்கு என்று துள்ளினேன். அந்தத் துள்ளலோடு, ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் உருஷிபாரா அம்மாவிடம் தாளை நீட்டினேன்.

"ஹிடாகா ஐயா, எந்தத் தட்டுல எந்த மாட்டோட முட்டை?"

"புதுசு எது வந்தாலும் மூத்தவங்களுக்குத்தானே முதல்ல? யாயெகோவோடது இருபத்தாறும் புதுத் திரவத் தட்டுலதான். அதுல மிச்ச இடத்துலயும் பழைய தட்டு முழுக்கவும் மத்த நாலு மாட்டோடது."

அந்த அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "முட்டைக்குமா மரியாதை? இது நாப்பது சாட்சி இல்லைங்க. ஒரே மாடு இருபத்தாறு தடவை பேசியிருக்கு!"

மாடுவாரியாகப் பிரித்தாள். யாயெகோவின் இருபத்தாறில் பத்தொன்பது தேறியிருக்கின்றன! மற்றவற்றின் பதினான்கில் மூன்றுதான், பழைய தட்டின் விகிதமேதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மச்சான், நாம் கசாப்புக்கு அனுப்ப இருந்தது ஒரு பொக்கிஷம்! இனி ஒவ்வொரு மாட்டின் முட்டையையும் சரிபாதியாகப் பிரித்து, எந்தப் பாதி எந்தத் தட்டுக்கு என்று சீட்டுப் போட்டுத்தான் வைக்க வேண்டுமாம். அதற்கு யாயெகோ உயிரோடு வேண்டும். லாரிக்காரன் முணுமுணுத்தால் ஒரு புட்டி ஷோச்சு சாராயம் கொடுத்து அனுப்பு.

உன் குடும்பமும் தொழுவமும் நோய்நொடியின்றித் தழைக்கட்டும்.

உன் அத்தான்,
ஹிடாகா தெய்ஸோ

பின்குறிப்பு: உன் அக்கா இதைப் படித்துவிட்டு, "அன்னிக்கு யாயெகோவுக்கு மட்டும் முட்டை எடுத்தது அந்தப் புது மாட்டு டாக்டர்தானே? அவர் கைராசியா இருந்தா?" என்கிறாள். போனில் கேட்ட உருஷிபாரா அம்மா, "அதையும் தள்ள முடியாதுங்க" என்று குறித்துக்கொண்டாள். ஆகவே மேலே எழுதிய பொக்கிஷம் மாடாகவும் இருக்கலாம், டாக்டராகவும் இருக்கலாம். எது என்று தெரியும்வரை இருவரையும் ஊரை விட்டுப் போகவிடாதே. மாட்டைக் கட்டிப் போடலாம். டாக்டருக்கு உள்ளூரிலேயே ஒரு பெண் பார்.