மாமா களவெடுக்காத படம்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமான்ர இமெயிலுக்குள்ள போய் ஒரு கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கவேணும். அவ்வளவுதான்.

மாமா எண்டா மனிசியின்ர அப்பா. பேர் சூசைப்பிள்ளை, வயசு எழுபத்தாறு. ஸ்காபரோவில எங்களோடதான் இருக்கிறார். ஊரில முப்பத்தொரு வருசம் அரசாங்கக் கந்தோரில கிளாக்கர். இப்பவும் காலமை எட்டு மணிக்கு ஷேர்ட்டை உள்ள விட்டு, பொக்கற்றில ரெண்டு பேனையோட சாப்பாட்டு மேசைக்கு வந்திடுவார். வேலை ஒண்டும் இல்லை, ஆனா கந்தோர் நடக்கும்.

அவருக்கு கனடியன் சிற்றிசன்ஷிப் சரிவந்திட்டுது. வாற வியாழக்கிழமை சத்தியப்பிரமாணம். வரச்சொல்லி இமெயில் வந்திருந்துது. இந்த நாளுக்காக மனுசன் எத்தினை வருசம் பாத்துக்கொண்டிருந்தவர்! கோட் சூட் தைச்சு, அலுமாரியில தொங்கவிட்டு, கிழமைக்கு ஒருக்காத் தூசு தட்டுவார்.

எங்கட வீட்டுப் பிரிண்டரில மை இல்லை. எண்டைக்கும் இருந்ததில்லை. நான் பிளாசாவில இருக்கிற கடைக்குப் போய் மாமான்ர இமெயிலைத் திறந்தன். மேல ரெண்டு கிடந்துது. ரெண்டும் இங்கிலீஷ், ரெண்டும் நீட்டு. ஏன் திரும்பத் திரும்ப அலைவான் எண்டு ரெண்டையும் பிரிண்ட் எடுத்தன்.

வாசிச்சனானோ? இல்லை. எனக்கு வாசிக்கிற பழக்கம் இருந்திருந்தா இந்தக் கதையே இல்லை.

கொண்டுவந்து மாமான்ர கையில குடுத்தன். அவர் கண்ணாடியைப் போட்டு, அடிமட்டத்தை வரிக்குக் கீழ வைச்சு வாசிக்கத் தொடங்கினார். முதல் கடிதம் முடியேக்க முகம் முழுக்கச் சிரிப்பு. ரெண்டாவதைத் தொடங்கினார். நாலாவது வரியில அடிமட்டம் நிண்டிட்டுது.

"தம்பி."

"ஓம் மாமா?"

"நான் ஒரு படம் களவெடுத்திருக்கிறனாம்."

நான் சிரிச்சன். பேந்து எட்டிப் பாத்தன். அதுக்குப் பிறகு சிரிக்கேல்லை.

இன்ரர்நெற் கொம்பனியின்ர கடிதம். உங்கட இணைப்பில இருந்து ஒரு படம் அனுமதியில்லாம இறக்கப்பட்டிருக்கு, படத்தின்ர சொந்தக்காரர் முறைப்பாடு அனுப்பியிருக்கினம், அதை உங்களுக்கு அறியத்தாறம் எண்டு கிடந்துது. நாள், நேரம், எல்லாம் துல்லியமாப் போட்டிருந்துது. படத்தின்ர பேரும் கிடந்துது: 'நரமாமிசப் பல் டொக்டர் - மூண்டாம் பாகம்'.

இறக்கினது நான்.

இன்ரர்நெற் ஏன் மாமான்ர பேரில இருக்கு எண்டு கேப்பியள். ரொறொன்ரோவில இருக்கிற தமிழாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நல்ல டீல் எல்லாம் கொம்பனிக்குப் புதுசா வாற ஆக்களுக்குத்தான். அதால முதல் என்ர பேரில எடுத்தம். டீல் முடிய அதை வெட்டிப்போட்டு மனிசி ஜெசியின்ர பேரில எடுத்தம். அதுவும் முடிய மாமான்ர பேரில. வீட்டில இருக்கிறது மூண்டு பேர். இதுவும் முடிஞ்சா, ஸ்ரௌவ்வில்லில இருக்கிற மச்சானைத்தான் வந்து எங்களோட இருக்கச் சொல்லவேணும்.

மாமா இன்னும் கடிதத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தார்.

"இது மூண்டாம் பாகமாம். அப்ப ஒண்டையும் ரெண்டையும் ஆர் எடுத்தது?"

அதுவும் நான்தான். அதுகளுக்குக் கடிதம் வரேல்லை.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணியாம்," எண்டார் மாமா. "தம்பி, அந்த நேரம் நான் ரப்லெற்றில பூசை பாத்தனான். நற்கருணை நேரம் பாத்து ஒரு பெட்டி குறுக்க வந்து மறைச்சுது. நான் ஓகே எண்டதை அமத்தினன். அதாத்தான் இருக்கும், என்ன?"

ஒரு நல்ல மனுசன் எண்டா இந்த இடத்தில உண்மையைச் சொல்லியிருப்பான்.

"இருக்கலாம் மாமா," எண்டன் நான்.

என்ன செய்யிறது? மாமாவைப் பொறுத்தவரைக்கும் நான் பின்னேரங்களில கதவைச் சாத்திக்கொண்டு கொம்பனி வேலை செய்யிற மருமகன். 'தம்பி வேலை செய்யிறார், சத்தம் போடாதையுங்கோ' எண்டு ஜெசியை எத்தினையோ தரம் அதட்டியிருக்கிறார். அந்த மனுசனிட்டப் போய் நரமாமிசப் பல் டொக்டரைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறது?

மாமா பேனையை எடுத்தார்.

"சரி. பதில் எழுதுவம்."

"பதில் தேவையில்லை மாமா. கீழயே போட்டிருக்கினம்."

"கந்தோர்க் கடிதத்துக்குப் பதில் போகவேணும் தம்பி. போகாட்டி, நாங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதா அர்த்தம்."

"அப்ப பதிலில என்ன எழுதப்போறியள்?"

"குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போறன்."

உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அந்தப் படக்காரருக்கு மாமா ஆர் எண்டே தெரியாது. அவையிட்ட இருக்கிறது இணைப்பின்ர ஒரு நம்பர் மட்டும்தான். பேரை இன்ரர்நெற் கொம்பனி சும்மா குடுக்காது. மாமா அவைக்கே பதில் எழுதி அந்தக் குறையைத் தீர்த்துவைச்சார். முழுப்பேர், பிறந்த திகதி, வீட்டு விலாசம், டெலிபோன் நம்பர், பாஸ்போர்ட் கொப்பி. அதுக்கு மேல ஞானஸ்நானச் சேர்டிபிக்கற்!

"சேர்டிபிக்கற் எதுக்கு மாமா?"

"ஆள் ஆர் எண்டு அவைக்கு வடிவாத் தெரியட்டும். நாளைக்குப் பூசை முடிய ஃபாதரிட்டயும் ஒரு நற்சான்று கேட்டுப் பேந்து அனுப்பலாம் எண்டு இருக்கிறன்."

"களவெடுத்ததுக்கு நற்சான்று தருவாரோ?"

"இதுக்கு முதல் களவெடுக்கேல்லை எண்டு தருவார்."

கொம்பனிக்கே கோல் அடிப்பம், அவை சொன்னா நம்புவார் எண்டு ஃபோனை ஸ்பீக்கரில போட்டன். அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டம். கடைசியா ஒரு பெண் எடுத்து, கணக்குக்குச் சொந்தக்காரர்தான் கதைக்கவேணும் எண்டு சொல்லிச்சுது. மாமா எழும்பி நிண்டார். ஃபோனுக்கு முன்னால!

"மேடம், குற்றம் சாட்டப்பட்டவர் கதைக்கிறன்," எண்டு இங்கிலீஷில தொடங்கினார்.

அந்தப் பிள்ளை ஆறுதலா விளங்கப்படுத்திச்சுது. ஐயா, இது வெறும் அறிவித்தல். உங்கட பேரை ஆருக்கும் குடுக்கேல்லை. பதில் ஒண்டும் எழுதவேண்டாம். தயவுசெய்து எழுதவேண்டாம்.

மாமா நன்றி சொல்லி வைச்சார்.

"பாவம், நல்ல பிள்ளை," எண்டார். "என்னைக் காப்பாத்தப் பாக்குது."

பிறகு இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்தார். இது சிற்றிசன்ஷிப் கந்தோருக்கு. வியாழக்கிழமை நான் வரமாட்டன், என்ர வழக்கு முடியுமட்டும் சத்தியப்பிரமாணத்தைத் தள்ளிவையுங்கோ எண்டு.

ஜெசி குசினியில இருந்து ஓடி வந்தாள்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரே? வழக்கும் இல்லை, ஒண்டும் இல்லை!"

"பிள்ளை, இந்த நாட்டுச் சட்டத்தை மதிச்சு நடப்பன் எண்டு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணவேணும். களவெடுத்த கையை எப்பிடித் தூக்கிறது?"

எழும்பிப் போய், அலுமாரியில தொங்கின சூட்டைப் பிளாஸ்ரிக் உறைக்குள்ள போட்டு சிப்பை இழுத்தார். அந்த முதுகைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துது. ஒரு பல் டொக்டருக்காக ஒரு மனுசன்ர நாட்டையே பறிக்கப்பாத்திருக்கிறன்!

மாமா ரெண்டு என்வலப்பையும் ஒட்டி, ஜக்கெற்றைப் போட்டு, சப்பாத்தும் போட்டிட்டார். நான் வாசல் கதவை மறிச்சுக்கொண்டு நிண்டன்.

"மாமா, நில்லுங்கோ. அந்தப் படத்தை எடுத்தது நான்."

மாமா என்னைப் பாத்தார். கண் கலங்கிட்டுது. மெல்ல என்ர தோளில கையை வைச்சார்.

"வேண்டாம் தம்பி. எனக்காண்டி நீங்கள் பழி ஏக்கக்கூடாது."

"இல்லை மாமா, உண்மையாவே நான்தான்!"

"உங்கட நல்ல மனசு எனக்குத் தெரியும். உங்களைப்போல ஒரு பிள்ளை உப்பிடிப் படம் பாக்குமே?"

ஜெசியும் கண்ணைத் துடைச்சாள். "இஞ்சருங்கோ, அப்பாவில உங்களுக்கு இவ்வளவு பாசமோ?" எண்டாள். கலியாணம் முடிச்சுப் பதினாலு வருசத்தில அவள் என்னை அப்பிடிப் பாத்ததே இல்லை. பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிசம் பேசாம நிண்டு அனுபவிச்சன்.

பிறகு, "சத்தியமா நான்தான்," எண்டன்.

மாமாவுக்குள்ள இருந்த கிளாக்கர் முழிச்சிட்டார்.

"ஆதாரம்?"

நான் செய்த களவை நானே நிரூபிக்க மாடிக்குப் போய் லப்டொப்பை எடுத்துக்கொண்டு வந்தன். 'கொம்பனி வேலை' எண்டு ஒரு ஃபோல்டர். அதைத் திறக்க உள்ளுக்கு இன்னொண்டு, 'அவசர வேலை'. அதுக்குள்ள பாகம் ஒண்டு, பாகம் ரெண்டு, பாகம் மூண்டு. வரிசையா, வடிவா அடுக்கியிருந்துது.

ஜெசியின்ர பார்வை பழைய பார்வைக்கு வந்து, அங்கயும் நிக்காம இன்னும் கீழ இறங்கிச்சுது.

"நீங்கள் மீற்றிங் எண்டு சொன்னதெல்லாம் உதுவோ?"

"பொறு பிள்ளை," எண்டார் மாமா. "தம்பி, மூண்டைத் திறவுங்கோ. உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு பாக்காம நான் முடிவெடுக்கேலாது."

திறந்தன். மூண்டு பேரும் சோபாவில இருந்து பாத்தம். டொக்டர் ஒரு ஆளின்ர வாயைத் திறக்கச் சொல்லுறார். ஆள் திறக்குது. அதோட ஆளின்ர கதை முடிஞ்சுது. ஜெசி கண்ணைப் பொத்தினாள். மாமா அசையேல்லை.

"இந்த டொக்டர் கையுறை போடேல்லை," எண்டார்.

இருவது நிமிசம் போச்சுது. ரெண்டு நேர்ஸ்மாரும் ஒரு வரவேற்பாளரும் முடிஞ்சுபோச்சினம். வரவேற்பாளர் கதவுக்குப் பின்னால ஒளிக்கேக்க மாமா, "அங்க போகாத பிள்ளை!" எண்டு திரையைப் பாத்துச் சொன்னவர். அதுக்குப் பிறகுதான் நிமிந்து இருந்தார்.

"நிப்பாட்டுங்கோ. களவுச் சாமான் பாக்கிறதும் பிழை."

ரெண்டு என்வலப்பையும் நாலாக் கிழிச்சார். எனக்கு அப்பாடா எண்டு இருந்துது. ஆனா மாமா திரும்பவும் மேசைக்குப் போய் இருந்து, மூண்டாவது தாளை எடுத்தார். ஐஞ்சு நிமிசத்தில அதை என்னட்ட நீட்டினார்.

மெமோ! என்ர முழுப்பேர் போட்டு, உமது நடத்தை குறித்து மூன்று தினங்களுக்குள் எழுத்தில் விளக்கம் தரவும் எண்டு கிடந்துது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் தந்த மெமோவுக்குக் கீழ, 'கிடைத்தது' எண்டு ஒப்பமும் வாங்கினவர்.

நான் விளக்கம் எழுதினன். ரெண்டு தரம் திருப்பி அனுப்பினார், மனவருத்தம் போதாதாம். மூண்டாந்தரம் ஏத்துக்கொண்டார். மூண்டு பாகத்தையும் அவருக்கு முன்னால அழிச்சன்.

வியாழக்கிழமை சூட்டோட போனம். மாமா முன் வரிசையில, நானும் ஜெசியும் அவருக்கு நேர பின்னுக்கு. சத்தியப்பிரமாணம் செய்விக்கிற நீதிபதி அம்மா, ஏற்கெனவே சிற்றிசனா இருக்கிற ஆக்களும் விரும்பினா எழும்பிச் சேந்து சொல்லலாம் எண்டு சொன்னா. நான் விரும்பேல்லை. மாமா திரும்பி என்னைப் பாத்தார். நான் எழும்பினன்.

கையைத் தூக்கிச் சொல்லிக்கொண்டு போறம். கனடாவின்ர சட்டங்களை நேர்மையாக் கடைப்பிடிப்பன் எண்ட வரி வந்துது. மாமா தான் சொல்லுறதை நிப்பாட்டிப்போட்டு, தலையைச் சரிச்சுக் காதை என்ர பக்கம் குடுத்தார். நான் சத்தமாச் சொல்லி முடிச்ச பிறகுதான் அவர் தன்ர வரியைச் சொன்னார்.

அண்டைக்கு எங்கட வீட்டில ரெண்டு பேர் கனடியன் ஆனம்.