சகலை போட்ட பதினொரு டிக்

உத்திரமேரூர்,
14-3-1982

அன்புத் தம்பி வரதனுக்கு அண்ணன் பஞ்சாட்சரம் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே உன் அண்ணி சுகம், எருமை சுகம், நான் சுமார். அங்கே எல்லாரும் சுகம்தானே?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்னொருத்தனுடைய பரீட்சை விண்ணப்பத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டேன், அதுவும் மாட்டாஸ்பத்திரியில். விண்ணப்பத்து போட்டோவில் அரசாங்க அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் கைக்கெட்டிய பச்சை மை மாட்டு டாக்டர்தான். நான் போனபோது அவர் கை முழங்கை வரை ஒரு பசுவுக்குள் இருந்தது. மேஜைமேல் எனக்கு முந்தி வந்த ஒரு விண்ணப்பம். போட்டோவில் என் சகலை தாமோதரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

உனக்குத் தெரியாததா? கூட்டுறவு சங்கத்தில் இருவரும் சேர்ந்துதான் உர மூட்டை நிறுக்கிறோம். முதலில் பி.ஏ. முடிப்பவனுக்குச் செயலாளர் பதவி என்றதால்தான் இந்த வயதில் இருவரும் தபாலில் வரலாறு படிக்கிறோம். மொத்தம் பன்னிரண்டு தாள், வருஷத்துக்கு எத்தனை எழுதுவது என்பது அவரவர் இஷ்டம். மூன்று வருஷத்தில் நான் தேறியது இரண்டு. "மூணு மட்டும் எழுதுண்ணே, ஒழுங்கா எழுது" என்று நீ சொன்னபடி மூன்றுக்குத்தான் டிக் போட்டிருந்தேன். அவன் விண்ணப்பத்தில் பதினொரு டிக். இரண்டு தரம் எண்ணினேன். மூன்றாம் தரம் எண்ணுவதற்குள் பசு கத்திவிட்டது.

ரிசல்ட் கேட்டால் "ஏதோ போவுது சகலை" என்று முனகுகிறவன். நம்மைப் போல இவனும் தேறாமல் கோட்டுதான் அடிக்கிறான் என்று எவ்வளவு நிம்மதியாக இருந்தேன். பொறுக்க முடியாமல் உன் அண்ணியிடம் சொன்னது தப்பாகிவிட்டது. "எங்க அக்கா வூட்டுக்காரரு பதினொண்ணு எழுதறாரு, நீ மூணு வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே? நாளைக்கு அவரு சேர்ல குந்துவாரு, நீ மூட்டை தூக்கு" என்றாள். உடனே மிச்சமிருந்த தாள் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். அப்படியும் பத்துதான் வந்தது. தேறித் தொலைத்ததற்காக ஒருவன் வருத்தப்படுவான் என்று நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

அப்புறம் நடந்ததைக் கேள். மூட்டைமேல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே சீட்டு எழுதினேன். உரம் வாங்க வந்த சாலவாக்கம் சடையப்பன் சீட்டோடு திரும்பி வந்து, "இன்னா நைனா, பொட்டாஷ் கேட்டா அக்பர்னு எழுதிக் குடுத்துக்கீறே, எந்த மூட்டை அது?" என்று சங்கமே சிரிக்கக் கேட்டான். தாமோதரன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. விண்ணப்பத்தில் திருத்தியதற்கு மறுபடி கையெழுத்து வாங்கப் போனால் டாக்டர், "மாட்டுக்கே ஒரே வேளைல இவ்ளோ தீனி வெக்கக் கூடாதுய்யா, வயிறு ஊதிக்கும்" என்றார். ஆனாலும் போட்டுக் கொடுத்தார்.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். புத்தி சொல்லாமல் அங்கே காஞ்சிபுரத்தில் பணத்தைக் கட்டிவிடு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு ஆசிகள்.

உன் அண்ணன்,
பஞ்சாட்சரம்

பின்குறிப்பு: உறையில் போட மடித்தபோதுதான் பார்த்தேன். எழுதப்போகும் தாள்களுக்கு டிக் போடும் இடம் இரண்டாம் பக்கம். நான் தாமோதரனுடையதில் பார்த்தது போட்டோ ஒட்டிய முதல் பக்கம். அங்கே கேட்டிருப்பது ஏற்கெனவே தேறிய தாள்கள்.