எனக்குத் தெரிந்த பூ

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற மாதம் வந்தபோது, சட்டைப் பையிலிருந்து புது நாணயத்தை எடுத்து என் கையில் போட்டு, "இதுக்கா உங்க பொண்ணு இத்தனை வருஷம் படிச்சா? பேங்க்ல கேஷியரா இருந்தவன் சொல்றேன், இதுல என்ன இருக்கு?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டீர்கள். உங்கள் தங்கையின் முகம் சுண்டிப்போனது. அன்றே பதில் சொல்லியிருப்பேன். வாய் நிறையச் சோறு.

இருக்கிறது மச்சான், நிறைய இருக்கிறது. வளையம் ஒரு உலோகம், நடுவட்டம் வேறு உலோகம். விளிம்புக் கோடுகள் விட்டு விட்டு வரும். லென்ஸ் வைத்தால்தான் தெரிகிற பொடி எழுத்தும் உண்டு. அதெல்லாம் மற்றவர்கள் வேலை. வலப்பக்கம் சாய்த்தால் பூ, இடப்பக்கம் சாய்த்தால் எண் தெரிகிறதே, அது நம்ம பாப்பா நாணயச் சாலையில ராப்பகலா உட்கார்ந்து செஞ்சது. கள்ளக் காசு அடிக்கிறவன் தலைகீழா நின்னாலும் அது வராதாம்!

நீங்க குடுத்த அதே காசை எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா போனேன். காய்கறிக்காரம்மா சாய்ச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் தெரியலைன்னாங்க. "பெத்தவங்க கண்ணால பாரும்மா"ன்னேன். தெரியுதுன்னுட்டாங்க, பின்னால அவ்வளவு கூட்டம். சலூன்ல காசைச் சாய்ச்சுக் காட்டுறேன்னு தலையையும் சேர்த்துச் சாய்ச்சதுல ஒரு பக்கத்து மீசை போயே போச்சு. மீசை கிடக்குது, பூ தெரிஞ்சுதான்னு கேட்டேன். கத்தியும் கையுமா நின்ன மனுஷன், "நல்லாவே தெரியுதுங்க"ன்னார். மருந்துக்கடைக்காரர்தான் கெடுத்தார். விளக்குக்குக் கீழே புரட்டிப் பார்த்துட்டு, "சார், இது கள்ளக் காசு"ன்னார். எனக்கு வந்துச்சே கோபம்! "யோவ், இதைச் செஞ்சவளே என் பொண்ணுய்யா!"ன்னு கத்தி, கடையில இருந்த அத்தனை பேரையும் பார்க்க வெச்சேன். எனக்கு இதழ் இதழாத் தெரியுது, அந்த ஆளுக்குத் தெரியலையாம். முதல்ல கண்ணாடியை மாத்துய்யான்னு சொல்லிட்டு மருந்து வாங்காமலே வந்துட்டேன். உங்க தங்கச்சி இன்னும் இருமிக்கிட்டுத்தான் இருக்கா.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வர்றா. நேரா கடைக்குக் கூட்டிட்டுப் போய் அந்த ஆளை மன்னிப்புக் கேட்க வைக்கப்போறேன். நீங்களும் ஒருநாள் வந்து, "என் மருமக கெட்டிக்காரி"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். அன்னிக்குக் கேட்டதும் எல்லார் முன்னாடிதானே!

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும், தங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நாணயம் செய்தவளைப் பெற்றவன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் பாப்பா வந்துவிட்டாள். கடைக்குக் கூட்டிப்போனேன். காசை வாங்கி ஒரே ஒரு தடவை சாய்ச்சா. "அப்பா, இது கள்ளக் காசுப்பா. இதுல பூவே இல்லையே"ன்னா. கடைக்காரரைப் பார்த்து, "நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டா. "பூ தெரியலையேம்மா"ன்னார். பாப்பா முகத்தைப் பார்த்திருக்கணும் மச்சான்! "அப்போ நான் செஞ்சது வேலை செய்யுதுப்பா!"ன்னு நடுக்கடையில குதிச்சா. மன்னிப்பு நான்தான் கேட்டேன், இருமல் மருந்தும் வாங்கினேன். இத்தனை நாளா நான் பார்த்த பூ எதுன்னுதான் புரியலை. கேஷியர் மச்சான், அந்தக் காசு உங்க சட்டைப் பையிலிருந்து வந்தது. மிச்சம் இருக்கிறதையும் சாய்ச்சுப் பாருங்க. பூ தெரியலைன்னா, உங்க மருமக கெட்டிக்காரின்னு அர்த்தம்.