திறந்து மூடிய பேனா

2025 ஜூலை 26, சனிக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம்; தூறல். பாயா ரும்புட் ஊரிலுள்ள தம் வீட்டின் வரவேற்பறையில் கொர்னேலியஸ் பேனாவைத் திறந்தார். எதிரே, வீட்டை வாங்க வந்த காளிதாஸ்.

விலை படிந்துவிட்டது. விற்பவர் கையெழுத்திட்டால்தான் காளிதாஸின் சேமநிதிப் பணம் முன்பணமாக வெளிவரும். வங்கிக் கடன் ஒப்புதலோ பதினாறே நாள்களில் காலாவதியாகும். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலைச் சம்பளத்தில் பிடித்தபோதெல்லாம் முணுமுணுத்த அந்தப் பணத்துக்கு, இப்போது தினமும் மனத்துக்குள் நன்றி சொல்லிவந்தார். இந்த வீட்டை வாடகைக்கு விட்டு வரும் காசுதான் ஓய்வுக்குப் பின் சோறு.

"யாராச்சும் வாடகை லேட்டா கொடுத்தா என்னா செய்வீங்க தம்பி?" என்றார் கொர்னேலியஸ்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த காளிதாஸ் அறிந்த ஒரே வீட்டுக்காரர், லயத்து வீடுகளை ஒதுக்கிய தோட்டத்துக் கணக்கரான கிராணியார். அவருடைய மிடுக்கையே வரவழைத்துக்கொண்டார்.

"ஒரு நாள் லேட்டானாலும் சாமான் ஜாலான்ல, நடுத்தெருவுலதான் லா, அண்ணே!"

கொர்னேலியஸ் பேனாவை மூடினார்.

"கல்நெஞ்சுக்காரன்னு நெனச்சிருப்பாரு. எறங்கிப் பேசுங்க," என்றாள் வீட்டில் காளிதாஸின் மனைவி ஜெயமணி.

அடுத்த சனிக்கிழமை பேனா மீண்டும் திறந்தது.

"கூரை ஒழுகுனா?"

"காசு இருந்தா பார்ப்பேண்ணே. நானே ஏழை."

பேனா மூடியதோடு சட்டைப் பைக்குள்ளும் போய்விட்டது.

"அவ்ளோ ஆழமாவா எறங்கச் சொன்னேன்?" என்றாள் ஜெயமணி.

மூன்றாம் சனிக்கிழமை, கடன் ஒப்புதல் காலாவதியாக இரண்டே நாள்.

"பூனை வளர்க்கலாமா?"

காளிதாஸிடம் உத்தி எதுவும் மிஞ்சவில்லை.

"வளர்க்கட்டும்ணே. லயத்துல கூரை ஒழுகுனா எங்கம்மா கிராணி வாசல்ல மணிக்கணக்கா நிப்பாங்க. என் வாசல்ல யாரும் அப்படி நிக்க வேணாம். சொன்ன அன்னிக்கே ஏணியோட வந்துருவேன்."

கொர்னேலியஸ் பேனாவைத் திறந்தார். பிறகு நிதானமாக, பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டார். எழுந்து பூனைக்குச் சோறு வைக்கப் போனார்.

காளிதாஸுக்குக் கண் கலங்கியது. "ரொம்ப நன்றிண்ணே," என்றார், சமையலறைப் பக்கம் திரும்பி.

கொர்னேலியஸின் மகள் கேத்லீன் தாள்களைச் சீராக அடுக்கி காளிதாஸிடம் நீட்டினாள்.

"நாங்கதான் அங்கிள் நன்றி சொல்லணும். மேல இருக்கறது விக்கிற அக்ரிமென்ட், கீழ இருக்கறது வாடகை அக்ரிமென்ட். அப்பா இந்த வீட்ட விட்டு எங்கயும் போகல. மூணு வாரமா தன்னோட புது வீட்டுக்காரரத்தான் இன்டர்வியூ பண்ணாரு."